அடைப்பு இல்லை என்றார்கள், வலி மட்டும் போகவில்லை: இதயத்தின் நுண்குழாய்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஞ்சியோகிராம் எடுத்தாயிற்று. "அடைப்பு எதுவும் இல்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நிம்மதியாக வீடு திரும்பியவருக்கு அடுத்த வாரமே மாடிப்படி ஏறும்போது நெஞ்சில் அதே அழுத்தம். வீட்டில் இருப்பவர்களோ, "அதான் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்களே" என்கிறார்கள். இப்படி நடுவில் மாட்டிக்கொண்டவர்களையும் அவர்களுடைய குடும்பத்தாரையும் மனத்தில் வைத்து எழுதியது இது.

ஆஞ்சியோகிராம் நார்மல் என்றால் இதயம் நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

பெரிய குழாய்கள் நன்றாக இருக்கின்றன என்று அர்த்தம். அது நல்ல செய்திதான், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் படத்தில் தெரிவது இதயத்தின் மேற்பரப்பில் ஓடும் தமனிகளும் அவற்றின் கிளைகளும் மட்டுமே. பெரிய தமனியின் விட்டம் 2 முதல் 4 மில்லிமீட்டர் இருக்கும். கிளை பிரிந்து பிரிந்து அரை மில்லிமீட்டருக்குக் கீழே போய்விட்டால் ஆஞ்சியோகிராமில் தனியாகத் தெரியாது. இதயத் தசைக்குள் ரத்தத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் வேலையோ அதற்குக் கீழேதான் நடக்கிறது.

வாய்க்காலில் தண்ணீர் கரை தொட்டு ஓடுகிறது, ஆனால் கடைமடைப் பயிர் வாடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாய்க்காலைப் படம் எடுத்துப் பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. மடைகள் திறக்கின்றனவா என்று போய்ப் பார்த்தால்தான் தெரியும். நுண்குழாய்க் கோளாறு அந்த மடைகளில் வரும் கோளாறு.

நுண்குழாய்கள் என்று எவற்றைச் சொல்கிறீர்கள்?

சுமார் அரை மில்லிமீட்டரிலிருந்து பத்தில் ஒரு மில்லிமீட்டர் வரை உள்ள சிறு தமனிகள், அதைவிடச் சிறிய நுண்தமனிகள், கடைசியாகத் தந்துகிகள். தந்துகி என்பது சிவப்பணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக, சற்று நெளிந்துதான் போக முடிகிற அளவுக்குக் குறுகலானது. ஆரோக்கியமான இதயத்தில் ரத்த ஓட்டத்துக்கான தடையில் பெரிய தமனிகளின் பங்கு மிகக் குறைவு. பெரும்பகுதித் தடை சிறு தமனிகளிலும் நுண்தமனிகளிலும்தான் இருக்கிறது. அவை சுருங்கினால் ஓட்டம் குறையும், விரிந்தால் கூடும். எந்த நேரத்தில் எவ்வளவு ரத்தம் என்று முடிவு செய்பவை அவையே.

மற்ற உறுப்புகளைவிட இதயத்துக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம்?

நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே, தன் வழியாகப் போகும் ரத்தத்திலிருந்து ஏறக்குறைய 70 சதவீத ஆக்சிஜனை இதயத் தசை எடுத்துக்கொள்கிறது. மற்ற தசைகளுக்குக் கையிருப்பு உண்டு. தேவை கூடினால் அதே ரத்தத்திலிருந்து இன்னும் கொஞ்சம் ஆக்சிஜனை அவற்றால் பிழிந்துகொள்ள முடியும். இதயத்துக்கு அந்த வசதி அனேகமாக இல்லை. வேகமாக நடக்க வேண்டுமென்றால், படி ஏற வேண்டுமென்றால், கோபம் வந்தால்கூட, ரத்த ஓட்டத்தையே கூட்டியாக வேண்டும். ஆரோக்கியமான இதயத்தில் அது 3, 4 மடங்கு வரை கூடும். இந்தக் கூட்டும் திறனுக்கு ஓட்டக் கையிருப்பு என்று பெயர் வைத்துக்கொள்வோம். பின்னால் இந்தச் சொல் திரும்பத் திரும்ப வரும்.

இன்னொன்று: இதயம் சுருங்கும்போது தன் தசைக்குள் இருக்கும் குழாய்களையும் சேர்த்தே நசுக்குகிறது. அதனால் இடது கீழறைத் தசைக்குப் பெரும்பாலான ரத்தம் இதயம் தளரும் நேரத்தில்தான் போய்ச் சேர்கிறது. துடிப்பு வேகமானால் அந்தத் தளர்வு நேரம் குறுகும். தேவை கூடும் அதே வேளையில் கிடைக்கும் நேரம் குறைகிறது. நுண்குழாய்கள் சரியாக விரியாவிட்டால் தட்டுப்பாடு வருவதில் வியப்பில்லை.

அங்கே என்னதான் கெட்டுப்போகிறது?

இரண்டு விதம். முதலாவது அமைப்புக் கோளாறு. நுண்தமனிகளின் சுவர் தடித்து உள்வழி குறுகுகிறது, அல்லது தந்துகிகளின் எண்ணிக்கையே குறைகிறது. பல வருட ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயத் தசை தடித்துப்போகும் நோய்கள் எல்லாம் இதைச் செய்யும்.

இரண்டாவது செயல் கோளாறு. குழாய் பார்க்க நன்றாகவே இருக்கும், ஆனால் விரிய வேண்டிய நேரத்தில் விரியாது, சில சமயம் சுருங்கவே செய்யும். ரத்தக்குழாயின் உட்பூச்சு வெறும் உறை அல்ல, விரியச் சொல்லும் செய்தியே அங்கிருந்துதான் போகிறது என்று 1980இல் ராபர்ட் ஃபர்ச்காட் காட்டினார். அந்தச் செய்தியைச் சுமப்பது நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயு என்பது பிறகு தெரியவந்தது. 1998இல் அவருக்கும் லூயிஸ் இக்னாரோ, ஃபெரிட் முராத் ஆகியோருக்கும் நோபல் பரிசு கிடைத்தது இதற்காகத்தான். புகை, சர்க்கரை, கெட்ட கொழுப்பு, நாள்பட்ட அழற்சி ஆகியவை இந்த உட்பூச்சைக் கெடுக்கின்றன. ஒரே ஆளிடம் இரண்டு கோளாறும் சேர்ந்தே இருக்கலாம்.

அறிகுறிகள் அடைப்பு நோயிலிருந்து வேறுபடுமா?

அறிகுறியை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. நெஞ்சழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, மூச்சு வாங்குதல், காரணம் தெரியாத அசதி எல்லாமே இரண்டிலும் வரும். ஆனாலும் சில சாயல்கள் உண்டு. வேலையை நிறுத்தி உட்கார்ந்த பிறகும் வலி உடனே போகாமல் நீடிப்பது, ஒருநாள் ஏற முடிந்த படியை மறுநாள் ஏற முடியாமல் போவது, மனப் பதற்றத்திலும் குளிரிலும் வலி வருவது, நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை பாதிதான் கேட்பது. கடைசியில் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது: அந்த மாத்திரை பெரிய குழாய்களை நன்றாக விரிக்கும், மிகச் சிறிய நுண்தமனிகளில் அதன் விளைவு குறைவு.

யாருக்கு அதிகம் வருகிறது? பெண்களுக்கு வரும் நோய் என்கிறார்களே?

ஆண்களுக்கும் வரும். ஆனால் பெண்களிடம் இது தவறவிடப்படுவது அதிகம். டென்மார்க்கில் நெஞ்சுவலிக்காக ஆஞ்சியோகிராம் எடுத்துக்கொண்ட 11 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பற்றிய ஓர் ஆய்வு 2012இல் வெளியானது. பெண்களில் 65 சதவீதம் பேருக்கும் ஆண்களில் 32 சதவீதம் பேருக்கும் பெரிய குழாயில் குறிப்பிடத்தக்க அடைப்பு இல்லை. அத்தனை பேருக்கும் நுண்குழாய்க் கோளாறு என்று சொல்லவரவில்லை. ஆனால் "ஒன்றும் இல்லை" என்ற பதிலோடு எத்தனை பெண்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டிருப்பார்கள் என்பதை இந்த எண்கள் சொல்லிவிடுகின்றன.

மாதவிடாய் நின்ற பிறகு ஆபத்து கூடுகிறது. சர்க்கரை, ரத்த அழுத்தம், புகை, உடல் பருமன், முடக்குவாதம், லூபஸ் போன்ற அழற்சி நோய்கள் இருப்பவர்களும் கவனமாக இருக்க வேண்டும்.

மனக்கவலையால் வரும் வலி என்று சொல்லிவிட்டார்கள். அப்படியும் இருக்குமா?

நெஞ்சுவலிக்கு மனக்கவலையும் ஒரு காரணமாகலாம். நெஞ்செரிச்சல், தசைவலி, நுரையீரல் கோளாறு, ரத்தச்சோகை எல்லாமும் காரணமாகலாம், அவற்றையும் பார்க்கத்தான் வேண்டும். என் வருத்தம் வேறு: இதய ரத்த ஓட்டத்தை அளந்தே பார்க்காமல் "மனசுதான்" என்று முடிவு கட்டுவது. 1973இல் ஹார்வி கெம்ப் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதிய ஒரு தலையங்கத்திலிருந்து, அடைப்பில்லாத நெஞ்சுவலிக்கு எக்ஸ் நோய்க்குறி என்ற பெயர் நிலைத்தது. பெயரிலேயே காரணம் தெரியவில்லை என்ற ஒப்புதல் இருந்தது. 1988இல் ரிச்சர்ட் கேனனும் ஸ்டீபன் எப்ஸ்டைனும் நுண்குழாய் நெஞ்சுவலி என்று பெயர் வைத்தார்கள். இன்று அளவிட வழி இருக்கிறது. வழி இருந்தும் அளக்காமல் நோயாளியின் மனத்தின் மேல் பழியைப் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

டிரெட்மில், எக்கோ எல்லாம் எடுத்தேனே, அவற்றில் ஏன் தெரியவில்லை?

டிரெட்மில்லில் சிலருக்கு மாற்றம் தெரியும், பலருக்குத் தெரியாது. சாதாரண எக்கோ, இதயத்தின் அசைவையும் வால்வுகளையும் காட்டும், தசைக்குள் போகும் ரத்தத்தின் அளவைக் காட்டாது.

கதிரியக்கப் பொருளைச் செலுத்தி இதயத் தசையைப் படம் எடுக்கும் வழக்கமான தாலியம், டெக்னீசியம் ஸ்கேன்களிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அவை தசையின் ஒரு பகுதியை இன்னொரு பகுதியோடு ஒப்பிடுகின்றன. ஒரு பெரிய குழாய் அடைத்திருந்தால் அந்தப் பக்கம் மட்டும் மங்கும், உடனே தெரிந்துவிடும். நுண்குழாய்க் கோளாறோ பெரும்பாலும் தசை முழுவதும் பரவியிருக்கும். வீட்டில் எல்லா விளக்கும் ஒரே மாதிரி மங்கினால், ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கு எதுவுமே மங்கலாகத் தெரியாது. வெளிச்சத்தை அளக்கும் கருவி வேண்டும். அந்தக் கருவிதான் அடுத்த கேள்வி.

அப்படியானால் ரத்த ஓட்டத்தை எப்படி அளக்கிறார்கள்?

உடலுக்குள் கம்பி விடாமல் அளக்கும் முறைகளில் அதிகம் நம்பப்படுவது பெட் ஸ்கேன். புற்றுநோய்க்கு எடுக்கும் அதே வகை இயந்திரம்தான், செலுத்தும் மருந்து வேறு. ரூபிடியம்-82, நைட்ரஜன்-13 அம்மோனியா, ஆக்சிஜன்-15 நீர் போன்ற கதிரியக்கப் பொருள்களைக் கையிலுள்ள சிரை வழியாகச் செலுத்துகிறார்கள். ரூபிடியத்தின் வீரியம் 76 விநாடியில் பாதியாகிவிடும், அம்மோனியாவுக்கு 10 நிமிடம், நீருக்கு 2 நிமிடம். இவ்வளவு சீக்கிரம் அழிவதால் ஒரே அமர்வில் ஓய்வு நிலையில் ஒரு முறை, மருந்தால் குழாய்களை விரித்து ஒரு முறை என்று இரண்டு தடவை அளக்க முடிகிறது. அதே காரணத்தால்தான் எல்லா ஊரிலும் இது கிடைப்பதில்லை. அம்மோனியாவையும் நீரையும் செய்ய சைக்ளோட்ரான் என்ற பெரிய இயந்திரம் பக்கத்திலேயே வேண்டும், ரூபிடியத்துக்கு அதை அவ்வப்போது பிரித்துத் தரும் ஜெனரேட்டர் என்ற தனிக் கருவி வேண்டும். 2024இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃப்ளர்பிரிடாஸ் என்ற மருந்தில் இருப்பது ஃப்ளூரின்-18. அதன் வீரியம் பாதியாக 110 நிமிடம் ஆகும் என்பதால் தூரத்தில் தயாரித்துக் கொண்டுவரலாம்.

மருந்து ரத்தத்தில் நுழைந்து தசையில் சேரும் வேகத்தைக் கணினி கணக்கிடும். வெறும் படமாக இல்லாமல் எண்ணாகவே விடை கிடைக்கும்: ஒரு கிராம் தசைக்கு நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் ரத்தம் என்று.

ரிப்போர்ட்டில் உள்ள எண்களை எப்படிப் புரிந்துகொள்வது?

விரிந்த நிலை ஓட்டத்தை ஓய்வு நிலை ஓட்டத்தால் வகுத்தால் வருவதே ஓட்டக் கையிருப்பு. மூன்று பேரைக் கற்பனை செய்துகொள்வோம்.

முதலாமவருக்கு ஓய்வில் 0.8, விரிந்தபோது 2.8. வகுத்தால் 3.5. நல்ல கையிருப்பு.

இரண்டாமவருக்கு ஓய்வில் 0.9, விரிந்தபோது 1.4. வகுத்தால் ஏறக்குறைய 1.6. பெரிய குழாயில் அடைப்பு இல்லாத பட்சத்தில் இது நுண்குழாய்க் கோளாறு. பெட் ஸ்கேனில் பொதுவாக 2-க்குக் கீழே போனால் குறைவு என்று எடுத்துக்கொள்கிறார்கள். முறைக்கு முறை இந்த எல்லை கொஞ்சம் மாறும், சில முறைகளில் 2.5 வரை.

மூன்றாமவரைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஓய்வில் 1.6, விரிந்தபோது 2.9. வகுத்தால் 1.8. எண் குறைவுதான், ஆனால் விரிந்த நிலை ஓட்டம் நன்றாகவே இருக்கிறது. ஓய்வு ஓட்டம் ஏற்கெனவே கூடியிருப்பதால் விகிதம் விழுந்திருக்கிறது. ரத்தச்சோகை, அதிக ரத்த அழுத்தம், வேகமான துடிப்பு, தைராய்டு மிகையாகச் சுரப்பது எல்லாம் ஓய்வு ஓட்டத்தைக் கூட்டும். இவருக்கும் இரண்டாமவருக்கும் ஒரே சிகிச்சை பொருந்தாது. எனவே விகிதத்தை மட்டும் கேட்டுவிட்டு எழுந்து வராதீர்கள். மூன்று எண்களையும் கேட்டு வாங்குங்கள்.

பரிசோதனையின்போது என்ன செய்வார்கள்? வலிக்குமா?

குழாய்களை விரிக்க அடினோசின் அல்லது ரெகடினோசான் அல்லது டைபிரிடமோல் செலுத்துவார்கள். அடினோசின் போகும்போது முகம் சூடாகும், நெஞ்சு இறுகுவதுபோல இருக்கும், மூச்சு வாங்கும். பயமாகத்தான் இருக்கும், ஆனால் சொட்டு மருந்தை நிறுத்திய ஓரிரு நிமிடத்தில் அடங்கிவிடும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். காபி, டீ, கோலா, சாக்லேட் எல்லாவற்றையும் 12 முதல் 24 மணிநேரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். அதைச் சம்பிரதாயமாக நினைக்காதீர்கள். காஃபீன், அடினோசின் போய் உட்கார வேண்டிய இடத்தை அடைத்துக்கொள்ளும். குழாய் விரியாது, கையிருப்பு குறைவு என்று பொய்யான விடை வரும். ஒரு வாய் காபிக்காக ஒரு நோயின் பெயர் உங்கள் ஃபைலில் ஏறிவிடக் கூடாது. மறந்து குடித்துவிட்டால் தயங்காமல் சொல்லிவிடுங்கள், தேதியை மாற்றிக்கொள்ளலாம். ஆஸ்துமா இருந்தாலும், தியோஃபிலின் வகை மாத்திரை எடுத்தாலும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

எம்.ஆர்.ஐ.யில் பார்க்க முடியாதா?

முடியும். காடோலினியம் மருந்து தசையை நிறைக்கும் விதத்தைப் பார்ப்பார்கள். கதிர்வீச்சு இல்லை, தசையின் உள்விளிம்பில் மட்டும் ஓட்டம் குறைவதும் தெரியும், தழும்பு இருந்தால் அதுவும் தெரியும். எண்ணாக அளந்து தரும் மென்பொருள் உள்ள மையமாக இருந்தால் இன்னும் நல்லது. சிறுநீரகம் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் முன்பே சொல்ல வேண்டும். டாப்ளர் எக்கோவில் இடப்பக்க முன் தமனியின் ஓட்ட வேகத்தை அளந்தும் கையிருப்பைக் கணக்கிடலாம். செலவு குறைவு, ஆனால் செய்பவருக்கு நல்ல கைப்பழக்கம் வேண்டும்.

ஆஞ்சியோகிராம் செய்யும்போதே இதையும் சேர்த்துப் பார்க்க முடியுமா?

முடியும், ஆஞ்சியோகிராமுக்குப் போகுமுன்பே டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது. அழுத்தத்தையும் வெப்பத்தையும் உணரும் மெல்லிய கம்பியைத் தமனிக்குள் அனுப்பி, அறை வெப்பநிலையில் உள்ள உப்புநீரைச் செலுத்தி, அது எவ்வளவு நேரத்தில் கடந்து போகிறது என்று பார்ப்பார்கள். அதிலிருந்து ஓட்டக் கையிருப்பும் நுண்குழாய்த் தடை எண்ணும் கிடைக்கும். தடை எண் 25 அல்லது அதற்கு மேல் இருந்தால் அதிகம்.

அப்புறம் அசிட்டைல்கோலின் சோதனை. உட்பூச்சு ஆரோக்கியமாக இருந்தால் இந்த மருந்து குழாயை விரிக்கும், கெட்டிருந்தால் சுருக்கும். பெரிய குழாய் சுருங்குகிறதா, நுண்குழாய் சுருங்குகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். இழுத்துச் சுருங்கும் கோளாறைப் பெட் ஸ்கேனோ எம்.ஆர்.ஐ.யோ காட்டாது, இதுதான் காட்டும். அடைப்பில்லாமல் நெஞ்சுவலி தொடர்பவர்களுக்கு இப்படிப்பட்ட சோதனைகளை 2024இன் ஐரோப்பிய வழிகாட்டுதல் வலுவாகவே பரிந்துரைக்கிறது.

இவ்வளவும் கண்டுபிடித்து என்ன பயன்? மருந்து இருக்கிறதா?

ஸ்காட்லாந்தில் நடந்து 2018இல் வெளியான கார்மிகா என்ற ஆய்வைச் சொல்கிறேன். அடைப்பில்லாத நெஞ்சுவலி உள்ள 151 பேர். எல்லோருக்கும் மேலே சொன்ன கம்பிச் சோதனை நடந்தது. ஒரு பாதிப் பேரின் முடிவுகளை அவர்களுடைய மருத்துவர்களிடம் சொல்லி அதற்கேற்ற சிகிச்சை தந்தார்கள். மறுபாதியின் முடிவுகளைச் சொல்லவில்லை, வழக்கமான சிகிச்சை தொடர்ந்தது. 6 மாதம் கழித்து முதல் குழுவினருக்கு நெஞ்சுவலியும் வாழ்க்கைத் தரமும் தெளிவாக மேம்பட்டிருந்தன. புது மருந்து எதுவும் கிடையாது. எந்தக் கோளாறு என்று தெரிந்துகொண்டு, கையில் இருந்த மருந்தைச் சரியான ஆளுக்குக் கொடுத்ததுதான் வித்தியாசம்.

விரியாத குழாய்க்கு பீட்டா பிளாக்கர் முதலில் வரும். துடிப்பைக் குறைத்து, ரத்தம் பாயும் தளர்வு நேரத்தைக் கூட்டும். இழுத்துச் சுருங்கும் குழாய்க்கு டில்டியாசெம், அம்லோடிபின் போன்ற கால்சியம் தடுப்பு மருந்துகள் முதலில் வரும். அங்கே பீட்டா பிளாக்கர் சிலருக்கு நிலைமையை மோசமாக்கவும் கூடும். இவற்றோடு கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டினும் ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் ஏ.சி.இ. தடுப்பு மருந்தும் உட்பூச்சுக்காக. வலி நீடித்தால் ரனோலசின், நிக்கோராண்டில், ஐவாப்ரடின் என்று டாக்டர் சேர்த்துப் பார்ப்பார். முதல் மருந்திலேயே கேட்டுவிடும் என்று வாக்குக் கொடுக்க முடியாது, சில மாதம் மாற்றி மாற்றிப் பார்க்க நேரலாம்.

ஸ்டென்ட் வைத்தால் சரியாகிவிடாதா?

ஆகாது. ஸ்டென்ட் என்பது அடைத்த குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழல், அது பெரிய குழாய்க்கு உரியது. ஸ்டென்ட் வைத்து அடைப்பு நீங்கிய பிறகும் வலி தொடர்ந்தால், அடைப்போடு நுண்குழாய்க் கோளாறும் இருந்ததா என்று யோசிக்க வேண்டும்.

இது உயிருக்கு ஆபத்தா?

"பயப்பட ஒன்றுமில்லை" என்று முன்பு சொல்லிவந்தார்கள். இப்போது அப்படிச் சொல்வதில்லை. ஓட்டக் கையிருப்பு குறைவாக இருப்பவர்களுக்கு மாரடைப்பு, இதயச் செயலிழப்பு ஆகியவற்றின் வாய்ப்பு கூடுதல் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இதயம் நன்றாகச் சுருங்கியும் சரியாகத் தளராத வகைச் செயலிழப்பு உள்ளவர்களை 2018இல் ஒரு பன்னாட்டு ஆய்வில் சோதித்தபோது, 202 பேரில் 75 சதவீதம் பேருக்கு நுண்குழாய்க் கோளாறு இருந்தது. அதற்காக நாளைக்கே ஏதோ ஆகிவிடும் என்று தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, புகை என்று கைக்கு எட்டுகிற காரணங்கள்தான் பெரும்பாலும் பின்னால் இருக்கின்றன.

உடற்பயிற்சி செய்யலாமா? வலி வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

செய்ய வேண்டும். பயத்தால் நடப்பதை நிறுத்தியவர்களுக்கு உடல் தளர்ந்து, கொஞ்ச தூரத்திலேயே வலி வர ஆரம்பிக்கிறது. இதய மறுவாழ்வுப் பயிற்சி கிடைத்தால் அங்கே தொடங்குவது நல்லது. இல்லையென்றால் டாக்டரைக் கேட்டு, 10 நிமிடம் மெதுவாக உடலைச் சூடாக்கி, பேசிக்கொண்டே நடக்கக்கூடிய வேகத்தில் ஆரம்பியுங்கள்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

ஓய்வெடுத்தும் சில நிமிடங்களில் தணியாத நெஞ்சழுத்தம், வழக்கத்தைவிடக் கடுமையான வலி, வியர்வை, மயக்கம், மூச்சுத்திணறல். இவை வந்தால் ஆம்புலன்ஸை அழையுங்கள். போன வருட ஆஞ்சியோகிராம் நார்மல் என்பது இன்றைய வலிக்குப் பதில் ஆகாது.

எங்கள் பக்கத்தில் பெட் ஸ்கேனும் இல்லை, கம்பிச் சோதனையும் இல்லை. என்ன செய்வது?

அறிகுறி பொருந்தி, பெரிய குழாயில் அடைப்பில்லை என்று உறுதியாகி, வேறு காரணங்களும் விலக்கப்பட்டுவிட்டால், நுண்குழாய் நெஞ்சுவலியாக இருக்கலாம் என்று கருதிச் சிகிச்சையைத் தொடங்கிப் பார்க்கும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். அது தவறான வழி அல்ல. அவர்களுக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி ஒரு நோட்டு. வலி வந்த நேரம், அப்போது செய்துகொண்டிருந்தது, எத்தனை நிமிடம் இருந்தது, மாத்திரை கேட்டதா இல்லையா. அதிகாலையில் தூக்கத்திலிருந்து எழுப்பும் வலியா, படி ஏறும்போது மட்டும் வரும் வலியா என்பதை அந்த நோட்டைப் பார்த்துத்தான் பிரிக்க முடியும். முன்னது குழாய் இழுத்துச் சுருங்குவதையும் பின்னது விரியாமல் இருப்பதையும் குறிக்கலாம், முதல் மருந்து எது என்பது அதைப் பொறுத்தது. நான்கு வாரம் எழுதி, அடுத்த முறை போகும்போது கையோடு எடுத்துச் செல்லுங்கள்.